பஜ்ஜி, சொஜ்ஜி, இன்ன பிற

போன தை மாதம் சேலையூரில் அக்கா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பதினோரு பேர், ஒரு இன்னோவா, பின்னாலேயே வழி தெரியாமல் மூன்று தெரு சுற்றி வந்த ஒரு ஆட்டோ. மாப்பிள்ளைப் பையன் குரோம்பேட்டை. கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் எல்லாருக்கும் வியர்த்தது. சொஜ்ஜி வந்தது, பின்னாலேயே பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஒரு வாழைக்காய் பஜ்ஜியை நடுவில் பிட்டு, ஆவி போக ஊதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்கதான் எழுதறவராச்சே. இந்த டிபன் டிபன்ங்கறோமே, அது தமிழா, இங்கிலீஷா? என் பொண்ணு லண்டன்ல இருக்கா. அங்க ஒருத்தனும் டிபன்னு சொல்லி நான் கேட்டதில்ல."

நல்ல கேள்விதான். எனக்கு விடை தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல கேள்வியாக இருந்திருக்கும். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா என்னைப் பார்த்தாள். ஐம்பது வருஷப் பழக்கம். என் முகத்தில் எந்தக் கோணல் விழுந்தால் என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். "இங்கிலீஷ்தான் சார்" என்று சொல்லிவிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். பாக்கி விடையை இங்கே சொல்கிறேன். அக்கா பத்திரிகையில் ராசிபலன் தவிர வேறு எதையும் படிப்பதில்லை.

விடை ஃபிரான்சிஸ் குரோஸ் என்ற ஒரு குண்டு மனிதரிடம் இருக்கிறது. 1731இல் பிறந்தவர். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த நகை வியாபாரி. மகன் படம் வரைவார், பழைய கோட்டை கொத்தளங்களைத் தேடிப் போவார், சர்ரே மாவட்டத் துணைப்படையில் கேப்டன், துணைப்படைக் கணக்கும் பார்த்தார். என்னிடம் இருப்பது இரண்டே கணக்குப் புத்தகம், வலது பை ஒன்று, இடது பை ஒன்று. ஒன்றில் பணம் வரும், இன்னொன்றிலிருந்து போகும் என்பாராம். கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஆடிட்டர் வேண்டாம். அந்தக் கடனை அடைக்கத்தான் பாதிப் புத்தகங்கள் எழுதினார்.

அவருக்கு ஒரு வழக்கம். ராத்திரி ஆனதும் உதவியாளைக் கூட்டிக்கொண்டு லண்டனின் சாராயக் கடைகள், சிப்பாய்கள் கூடும் சந்துகள், திருடர்கள் ஒதுங்கும் குடிசைகள் என்று சுற்றுவார். காதில் விழும் கெட்ட வார்த்தைகளை எல்லாம் குறித்துக்கொள்வார். 1785இல் அதை அகராதியாகவே போட்டுவிட்டார். நம்மூரில் புலவர்கள் நிகண்டு செய்து, கடவுளுக்கு இத்தனை பெயர், தாமரைக்கு இத்தனை பெயர் என்று பாட்டாகக் கட்டி வைத்தார்கள் அல்லவா? குரோஸ் செய்ததும் நிகண்டுதான். என்ன, தாமரை இருக்க வேண்டிய இடத்தில் வேறு அங்கங்கள் இருக்கும்.

அந்த நிகண்டின்படி, எஜமானுக்குப் பின்னால் நடந்து போகும் வேலைக்காரனுக்கு 'ஃபார்ட் கேச்சர்' என்று பெயர். குசு பிடிப்பவன். காரணம் விளக்க வேண்டியதில்லை. பின்னால் நடப்பவனுக்கு வந்து சேருவது அதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு மதராஸில் ஒரு துரை வெளியே கிளம்பினால் பல்லக்குத் தூக்கிகள், துபாஷ், பியூன், குடை பிடிப்பவன் என்று ஒரு ஊர்வலமே கூடப் போகும். எத்தனை பேருக்கு வேலைவாய்ப்பு பாருங்கள். அந்தப் பதவிக்குத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் ஆள் பஞ்சமில்லை.

முட்டைக்குத் திருடர்கள் வைத்த பெயர் 'கேக்ளிங் ஃபார்ட்': கொக்கரிக்கும் குசு. டீக்கு 'ஸ்கேண்டல் பிராத்', அதாவது வம்பு ரசம். பெண்கள் கூடி டீ குடித்தால் யார் தலையாவது உருளும் என்பது குரோஸ் காலத்து ஆம்பிளைகளின் நினைப்பு. அவர்கள் தாம்பரம் கிழக்கில் காலை ஆறரை மணிக்கு நடைப்பயிற்சி முடித்துக் காபி குடிக்கும் ஆண்களைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு 'ஃப்ளேபாட்டமிஸ்ட்', பிட்டத்துத் தோலை உரிப்பவர். இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என் அப்பா என்னை மூன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் சொன்னதே, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியைத் தோலை உரிச்சிருங்க சார்" என்பதுதான். வாத்தியார் கண்ணை விட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்.

இப்படி 'டி' எழுத்துக்கு வரும்போது 'டிஃபிங்' என்று ஒரு சொல். சாப்பாட்டு நேரம் அல்லாத நேரத்தில் எதையாவது கொறிப்பது, குடிப்பது என்று முதல் பொருள். ரொம்பச் சரி. மூன்றரை மணி பஜ்ஜிக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை. அதே மூச்சில் இன்னொரு பொருளும் கொடுக்கிறார் குரோஸ்: ஒரு பெண்ணோடு படுத்துக்கொள்வது.

பெரியப்பா, கேட்டதற்கு விடை இதுதான். பஜ்ஜி ஆறிவிடும், சாப்பிடுங்கள்.

இந்த 'டிஃபிங்' கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்து 'டிஃபின்' ஆயிற்று. சொந்த ஊரில் கொஞ்ச காலத்தில் செத்தே போனது. அதனால்தான் லண்டனில் பெரியப்பா காதில் விழவில்லை. இங்கே வெள்ளைக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் நம் கைக்கு வந்தது. நாம் அதற்குப் பூணூல் போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, இட்லி தோசைக்குப் பேராக்கி, ஹோட்டல் வாசலில் 'உயர்தர சைவ டிபன்' என்று எழுதி மாட்டிவிட்டோம்.

இந்த வம்சாவளியைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1886இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஒரு தடித்த அகராதி வந்தது, இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய கலப்பட இங்கிலீஷுக்கு. அந்தப் பெயரே ஒரு கூத்து. மொகரத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மார்பில் அடித்துக்கொண்டு போனவர்களின் கதறல் வெள்ளைச் சிப்பாய் காதில் ஹாப்சன்-ஜாப்சன் என்று விழுந்திருக்கிறது. தொகுத்தவர்கள் இரண்டு பேர். கர்னல் யூல், வங்காளத்து எஞ்சினியர். பர்னெல், நம்ம ஆள்: மதராஸ் சிவில் சர்வீஸ், தஞ்சாவூரில் ஜட்ஜ், சரசுவதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் அச்சில் வருவதற்கு நாலு வருஷம் முன்பே, 1882இல், நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த அகராதியில் டிஃபின் என்ற இடத்தில் குரோஸைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கொறிப்பது, குடிப்பது என்ற பொருளை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். அதன் பிறகு, வேறு பொருள்களும் உண்டு என்கிற மாதிரி நாலு வார்த்தைக்குள் ஒரு தொண்டைக் கனைப்பு. அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கனைப்பு ரொம்பப் பிடிக்கும். எத்தனையோ தமிழ் உரையாசிரியர்கள் அதே இடத்தில் அதே மாதிரி கனைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா காளமேகத்தின் சிலேடைப் பாட்டு நடத்தும்போது, "இதுக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு பரீட்சைக்கு. இன்னொண்ணு இன்ன பிற" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அன்றைக்கு இரவு வகுப்பே உட்கார்ந்து இன்ன பிறவைத் தேடும். தமிழ் இலக்கியத்தில் எனக்கு ஆர்வம் வந்த கதை இதுதான். வேறு மேன்மையான காரணம் ஒன்றுமில்லை.

குரோஸைக் கெட்டவர் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பி நம் வீட்டுப் பரணைப் பார்க்கலாம். அதே நூற்றாண்டில் நம்மிடம் விறலிவிடு தூது என்று ஒரு வகை கொடிகட்டிப் பறந்தது. சுப்ரதீபக் கவிராயர் கூளப்ப நாயக்கன் மேல் பாடியதைத் தாசி வீட்டு நடைமுறைக் கையேடு என்றே சொல்லலாம். அந்தக் கவிராயர்தான் வீரமாமுனிவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். பாதிரியார் சீடர், விறலிவிடு தூது பாடியவர் குரு. பாடம் எங்கே ஆரம்பித்து எங்கே நின்றதோ.

குரோஸில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு ஒரு சொல். 'ஆன்ட்'. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் இங்கிலீஷில் பொதுவான அந்த ஒரே பாவப்பட்ட சொல். அதற்கு லண்டன் சந்துகளில் வேறு பொருள்: பெண்களை வைத்துத் தொழில் நடத்தும் மூத்தவள். நம்மூரில் அதே உத்தியோகத்துக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? மாமா. ஆக, ஐயாயிரம் மைல் தள்ளி இருந்த இரண்டு ஜனங்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே, இந்தத் தொழிலைக் குடும்பத்தில்தான் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் அத்தைக்குக் கொடுத்தார்கள், நாம் அத்தை புருஷனுக்குக் கொடுத்தோம். சொத்து குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. அன்றைக்குக் கூடத்தில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து "மாமா, இன்னொரு பஜ்ஜி" என்றபோது எனக்குப் புரை ஏறியது இதனால்தான்.

இன்னொன்று, 'அகாடமி'. குரோஸ் அகராதியில் விலைமாதர் விடுதிக்கு அந்தப் பெயர். தாம்பரம் சானடோரியத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போர்டுகளைப் படித்துக்கொண்டே போனால் நீட் அகாடமி, ஐ.ஏ.எஸ். அகாடமி, அபாகஸ் அகாடமி, கிரிக்கெட் அகாடமி. குரோஸ் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் இந்த ஊரின் உற்சாகத்தைப் பார்த்து மூர்ச்சையாகியிருப்பார்.

அவர் ஏறவில்லை. ஆனால் அவர் அகராதிக்கு ஊற்றாக இருந்த ஜனம் இந்த ரோட்டில்தான் குடியிருந்தது. பரங்கிமலை அன்றைக்கு மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம். அடுத்த பல்லாவரமும் பாளையம். வேலை முடிந்த வெள்ளைக்காரப் பென்ஷன் சிப்பாய்களும் அங்கே குடும்பத்தோடு இருந்தார்கள். பரங்கிமலை-பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டு இன்றைக்கும் இருக்கிறது. அயர்லாந்துப் பட்டினியிலிருந்தும் லண்டன் சேரிகளிலிருந்தும் ஆள் பிடித்து வந்து, கம்பளிச் சட்டை மாட்டி, சித்திரை வெயிலில் பீரங்கி பக்கத்தில் நிறுத்தினால் வாயிலிருந்து தேவாரமா வரும்?

பீரங்கிக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: 'ரான்டாலியன்'. துப்பாக்கிக் குழலைவிட ரவைப்பை நீளமாகத் தொங்கும் ஆண்பிள்ளை என்று அகராதியே ஆயுத பாஷையில்தான் விளக்குகிறது. நானும் அந்த மரியாதையான இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மதராஸ் கோட்டைக்கு வருவோம். 1640இல் இங்கிலீஷ்காரர்கள் கடற்கரை மணலில் கோட்டை கட்ட ஆரம்பித்து, தங்கள் நாட்டுக் காவல் புனிதர் ஜார்ஜின் பெயரை வைத்தார்கள். குதிரை மேல் உட்கார்ந்து, கீழே கிடக்கும் டிராகனை ஈட்டியால் குத்துகிற ஜார்ஜ். குரோஸ் அகராதியில் 'செயின்ட் ஜார்ஜ் சவாரி' என்று ஒன்று உண்டு. அதில் டிராகன் மேலே, ஜார்ஜ் கீழே. கட்டிலில் பெண் மேலிருப்பதற்கு அது பெயர். நம் வடமொழிக்காரர்கள் இதற்கு 'விபரீத ரதி' என்று பெயரிட்டார்கள். அதில் என்ன விபரீதம் கண்டார்கள் என்பது அவரவர் வீட்டு விஷயம். குரோஸ் கூடவே ஒரு ஐதீகமும் சொல்கிறார்: இந்தச் சவாரியில் கருத்தரிக்கும் பிள்ளை பிஷப் ஆகும் என்று ஜனங்கள் நம்பினார்களாம்.

எனக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியவில்லை. கோட்டை 1640. மதராஸுக்கு முதல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் கோரி வந்தது 1835. புனித ஜார்ஜ் பெயரிலேயே கோட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு பிஷப்புக்காக இந்த ஊர் நூற்றுத் தொண்ணூற்றைந்து வருஷம் காத்திருந்திருக்கிறது. சவாரி சரியாக நடக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் தாம்பரத்துக்கு இன்னும் தாமதம். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டு சேலையூர் காட்டுக்குக் குடிவந்தது 1937இல். அதன் விடுதி ஒன்றுக்கு பிஷப் ஹீபர் பெயர் இருப்பதால் எங்களுக்கும் ஒரு பிஷப் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அவரும் கல்கத்தா பிஷப்தான். திருச்சிக்கு வந்த இடத்தில் 1826இல் குளிக்கப் போய்க் குளியல் குளத்தில் உயிர்விட்ட நல்ல மனிதர். அவரை இந்தச் சவாரிப் பேச்சில் இழுத்தது பாவம்.

சிப்பாய்க்குச் சவாரியின் மறுபக்கமும் உண்டு. பெண் சகவாசத்தில் வரும் வியாதிக்கு குரோஸ் அகராதியில் வண்டி வண்டியாகப் பெயர்கள். பாதியில் பிரெஞ்சுக்காரன் தலை உருளும். பிரெஞ்சு வியாதி, பிரெஞ்சு வாதம். லண்டனின் தாசித் தெருக்களை வைத்து 'காவென்ட் கார்டன் காய்ச்சல்' என்றும் உண்டு. இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனைக் கைகாட்டினான். நாம் யாரைக் காட்டினோம்? பரங்கியை. போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்ததால் 'பரங்கிப்புண்'; அதற்குச் சித்த வைத்தியர் இடித்துக் கொடுக்கும் கிழங்கு பரங்கிப்பட்டை. நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கும், விளக்கம் கேட்காமல் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதே பரங்கியின் பெயரைத் தாங்கிய மலையடிவாரத்தில் வெள்ளைச் சிப்பாயின் உடம்பைக் காப்பாற்ற 'லாக் ஆஸ்பத்திரி' நடந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வியாதியைக் கொண்டுவந்தது சிப்பாய், பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்துப் பூட்டி வைத்தது உள்ளூர்ப் பெண்களை.

அந்த மலையடிவாரத்துக்கு ஏதோ ஜாதக விசேஷம். பீரங்கிப் படை போய் எத்தனையோ காலம் கழித்து, பரங்கிமலை ஜோதி தியேட்டர் என்று பெயர் சொன்னாலே தென்சென்னையில் ஒரு தலைமுறை ஆண்கள் ஓரக்கண்ணால் சிரித்தார்கள். காலைக் காட்சிக்கு வந்தவர்கள் ஸ்டேஷனிலிருந்து எப்படித் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பார்கள் என்று எனக்குச் சொன்ன நண்பரிடம், உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் நமக்குக் கொடுத்த கதை போதும். அவர்கள் எடுத்துக்கொண்ட கதைக்கு வருகிறேன். மதராஸில் அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். நடுவில் அலை. அந்த அலையை மதிக்காமல் போய் வந்தது நம் கட்டுமரக்காரர்தான். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, தலைகுப்புற விழுந்து எழுந்து, கடிதம் நனையாமல் கப்பலில் சேர்ப்பார். வெள்ளைக்காரன் வாயைப் பிளந்தான். மரத்தைப் பாராட்டிப் பெயரையும் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு என்ன செய்தான்? 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்கச் செய்த மிதக்கும் வெடிக்கு 'கட்டமரான்' என்று பெயர் வைத்தான். அது பிரெஞ்சுக்காரனுக்குப் பெரிய சேதம் ஒன்றும் செய்யவில்லை. 1811இல் குரோஸின் அகராதியை மற்றவர்கள் புதுப்பித்துப் போட்டபோது அதில் 'கட்டமரான்' என்றால் எலும்பும் தோலுமான கிழவி. நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டினாற்போல் இருப்பாளாம். பின்னாளில் சண்டைக்காரி என்றும் ஆயிற்று.

கோவளத்து மீனவரிடம் இதைச் சொன்னால் துடுப்பாலேயே அடிப்பார். ஆனால் ஒன்று. அலையில் கவிழ்க்க முடியாத, எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் மூழ்காத, மேலே உட்கார்ந்தவனைக் கரைசேர்க்கிற ஒரு பொருளைப் பார்த்ததும் லண்டன்காரனுக்குக் கிழவி ஞாபகம் வந்திருக்கிறது என்றால், வசவு போடப் போய்த் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக் கட்டுமரத்துக்கு எண்பத்திரண்டு வயது. பெண் பார்த்த அன்றைக்கு அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

இன்னும் சில. குடித்துவிட்டுக் கலாட்டா செய்த சிப்பாயை அடைக்கும் பட்டாளத்துக் கொட்டடிக்கு 'கஞ்சி ஹவுஸ்'. உள்ளே கிடைப்பது கஞ்சிதான் என்பதால். மிளகுத்தண்ணீர் அவர்கள் வாயில் முல்லிகடானி ஆகி, அதிலிருந்து மதராஸ் மாகாண வெள்ளைக்காரர்களுக்கு 'முல்' என்று பட்டப்பெயர் வந்தது. பம்பாய்க்காரர்கள் 'டக்', கருவாடாகக் காய்கிற அந்த மீனால். கல்கத்தாக்காரர்கள் 'குய்-ஹை', உட்கார்ந்த இடத்திலிருந்தே "கோயி ஹை?" என்று வேலையாளை அதட்டுவதால். ரசத்தின் பெயரால் அழைக்கப்பட்டதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் மற்ற இரண்டு மாகாணத்தாரும் மதராஸை 'இருண்ட மாகாணம்' என்று நக்கலடித்தார்கள். இருக்கட்டும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடியது. கல்கத்தாக்காரர்கள் மின்சார லோக்கலில் ஏற 1957 ஆயிற்று. வெளிச்சம் யார் பக்கம் என்று டிக்கெட் கவுன்டரில் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ரயில்தான் டிபனுக்கு மோட்சம் கொடுத்தது என்பது என் கட்சி. பட்டணத்து ஆபீஸில் வேலை, வீடு பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வர முடியாது. ஆகவே கையில் டிபன் பாக்ஸ். காலை எட்டரை மணி வண்டியில் இடுக்கிக்கொண்டு நின்றால் எந்தப் பையில் புளியோதரை, எந்தப் பையில் எலுமிச்சை சாதம், எதில் நேற்றைய சாம்பார் என்று மூக்கே சொல்லிவிடும். எவர்சில்வர் மூடிக்கு மேல் ரப்பர் பேண்ட், அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் பெண்டாட்டி மந்திரித்த மாதிரி ஒரு முடிச்சு. லண்டன் சந்தில் சிப்பாய் கண்ணடித்துச் சொன்ன சொல்லை இதற்குமேல் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. குரோஸே வந்து மோந்து பார்த்தாலும் பெருங்காயம்தான் வரும். அவருக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருக்காது, சாப்பாட்டு ராமன். 1791இல் டப்ளினில் சாப்பாட்டு மேஜையிலேயே உயிர்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப ஏழு மணி ஆயிற்று. பையனும் பெண்ணும் மொட்டை மாடியில் இருபது நிமிஷம் பேசிவிட்டு, துவைத்த துணிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். துணியைப் பையன் தூக்கி வந்ததைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. பெரியப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "டிபன் பிரமாதம்" என்று மூன்று தடவை சொன்னார். நான் அக்காவைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அம்மா மிச்ச மாவை வழித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குரோஸ், சிப்பாய், டிஃபிங், முதல் பொருள், இரண்டாம் பொருள் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு கனைப்புக் கனைத்துத்தான் சொன்னேன். அம்மா கையை நிறுத்தவில்லை. கடைசி வாழைக்காய்த் துண்டை மாவில் புரட்டி எண்ணெயில் விட்டாள். அது சுற்றி நுரைத்து மேலே வந்தது.

"அதுக்குத்தானடா காலைலேர்ந்து நின்னு பஜ்ஜி போடறேன்," என்றாள். "அந்த ஜல்லிக் கரண்டியை எடு."